வெல்லாவெளி வயலில் கண்ட தவளை இலங்கைக்குப் புதிதா?

மட்டக்களப்பு மாவட்டத்து வெல்லாவெளியிலிருந்து ஒரு தம்பி மூன்று படங்களை அனுப்பிக் கேட்டிருக்கிறார். ஐப்பசி மழைக்குள் நவகிரிப் பக்கத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், இரவு தண்ணீர் பார்க்கப் போனவர், வரம்போரத்தில் உள்ளங்கை நிறைய ஒரு தவளையைக் கண்டிருக்கிறார். முதுகு மஞ்சளாக இருந்ததாம். இந்திய வீடியோக்களில் முதல் மழைக்கு மஞ்சளாக மாறிக் கத்துமே, அந்தப் பெரிய தவளை இதுதானா? அது இலங்கையில் இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது, அப்படியென்றால் இது நாட்டுக்கே முதல் பதிவா? யாரிடம், எப்படி அறிவிப்பது? ஒன்றைப் பிடித்துப் போத்தலில் போட்டு வைக்கட்டுமா? பெரியப்பாவும் வயல் காரியம் பார்க்கும் வட்டவிதானையும் இப்படியொன்றை முன்பு கண்டதே இல்லை என்றார்களாம்.

போத்தல் வேண்டாம் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு வருகிறது.

படங்களில் இருப்பது, என் கணிப்பில், நம் ஊர்த் தவளைதான். ஹோப்லோபட்ராக்கஸ் கிராசஸ் என்று பெயர். 1853 இல் ஜெர்டன் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த இனம். இலங்கையின் உலர்வலயத்திலும் இருக்கிறது, மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் வயலும் குளமும் உள்ள இடங்களில் காணலாம். நீங்கள் வீடியோவில் பார்த்தது ஹோப்லோபட்ராக்கஸ் டைகரினஸ். இரண்டும் மிக நெருங்கிய சொந்தம். இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாக எழுதிய காலமும் இருந்தது. அதனால் மிகப் பழைய பட்டியல் ஒன்றில் டைகரினஸ் இலங்கையிலும் உண்டு என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, 'இதோ ஆதாரம்' என்று துள்ள வேண்டாம்.

மஞ்சள் நிறத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. தவளையின் நிறம் பருவத்துக்கும் வயதுக்கும் தோலின் ஈரத்துக்கும் மாறும். போதாததற்கு உங்கள் டோர்ச் மஞ்சள் வெளிச்சம். இரண்டாவது படத்தில் நெல் நாற்றே மஞ்சளாகத்தான் இருக்கிறது. டைகரினஸ் ஆண் இனப்பெருக்க நேரத்தில் மஞ்சளாகும்போது தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் புடைக்கும், அதுதான் வீடியோவில் எல்லோரையும் ஈர்ப்பது. உங்கள் படங்களில் அப்படி எதுவும் இல்லை. இல்லாததால் அது டைகரினஸ் இல்லை என்றும் ஆகிவிடாது, பெண்ணாக இருக்கலாம், கத்தாத நேரமாக இருக்கலாம்.

பார்க்க வேண்டியது கால். பின்காலின் உள்ளங்காலில், மிகச் சிறிய உள்விரல் தொடங்கும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். கிராசஸில் அது பெரிது. பக்கவாட்டில் தட்டி வைத்த மண்வெட்டி அலகு போல இருக்கும், நீளம் பக்கத்து விரலின் நீளத்தை ஏறக்குறைய எட்டும். கோடையில் மண்ணைத் தோண்டி உள்ளே போவதற்கான கருவி அது. டைகரினஸில் அதே புடைப்பு சிறியது, விரலோடு பார்த்தால் பாதியும் வராது. அடுத்தது விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு: டைகரினஸில் நுனிவரை நிறைவாகப் போகும், கிராசஸில் குறைவு. கிராசஸின் உடல் பருமன், பின்கால் குட்டை. டைகரினஸ் 15 சென்ரிமீற்றரையும் தாண்டி வளரும், கிராசஸ் அவ்வளவு வராது. ஆனால் அளவை மட்டும் நம்பினால் டைகரினஸ் குட்டி ஒவ்வொன்றும் கிராசஸ் ஆகிவிடும்.

மூன்று படத்திலும் நீங்கள் எடுத்திருப்பது முகத்தை. எல்லோரும் முகத்தைத்தான் எடுக்கிறார்கள், அது இயல்பு. ஆனால் இந்த இரண்டு இனத்துக்கும் முகத்தில் எழுதி ஒட்டவில்லை. இரவில் வெளிச்சம் பட்டால் பெரிய தவளை கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும். அதற்குள் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, பின்பக்கம் போனைத் தரையோடு வைத்து ஒன்று எடுங்கள். தெளிந்த தண்ணீரில் மிதக்கும்போது பின்கால் நீண்டு விரியும், சவ்வு எங்கே முடிகிறது என்று அப்போது தெரியும். இன்னும் லேசான வழி வீதிதான். நல்ல மழை பெய்த இரவுக்கு அடுத்த நாள் காலையில் வயலை ஊடறுத்துப் போகும் வீதியில் அடிபட்டுக் கிடப்பவற்றைப் பாருங்கள். பாவம்தான், ஆனால் உள்ளங்காலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தவளை வேறு கிடைக்காது. பக்கத்தில் ஒரு காசையோ அடிமட்டத்தையோ வைத்துப் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தவளையை 'இந்த நாட்டில் முதல் தடவை' என்று பதிவது வேறு, உலகத்துக்கே புதிய இனம் என்று விவரிப்பது வேறு. கேட்பதற்கு இரண்டாவதுதான் பெரிய காரியம் மாதிரி இருக்கும். ஆனால் இலங்கையில் முதலாவதுதான் கடினம் என்பது என் அபிப்பிராயம். கடந்த 30 ஆண்டுகளில் இங்கே விவரிக்கப்பட்ட புதிய தவளைகளுக்குக் கணக்கு வைப்பதே சிரமம். 2005 இல் மனமேந்திர ஆராச்சியும் பெத்தியாகொடவும் ஒரே கட்டுரையில் 27 புதிய புதர்த் தவளைகளை விவரித்தார்கள். இன்று இலங்கையின் ஈரூடகவாழிகள் சுமார் 120 இனம், அவற்றில் பத்துக்கு ஒன்பது வேறெந்த நாட்டிலும் இல்லாதவை.

மிச்சமுள்ள சிலவற்றைத்தான் நாம் இந்தியாவோடு பங்கிட்டுக்கொள்கிறோம். அந்தச் சிலவற்றில் பெரும்பாலானவை உலர்வலயத்தில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலிலும் அம்பாறைக் குளக்கட்டிலும் கத்துபவை. அந்தப் பட்டியலும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டு போகிறது. நம் பக்கத்துச் சிவப்புக் குறுவாய்த் தவளையை இந்தியாவின் மைக்ரோஹைலா ரூப்ரா என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2016 இல் அது வேறு இனம் என்று காட்டி, மைக்ரோஹைலா மிஹிந்தலேய் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுச் சுவரில் ஏறும் தவளை, யூபெரோடன் வேரியகேட்டஸ் என்று நம்பியிருந்ததை, 2018 இல் பிரித்து யூபெரோடன் ரொஹானி ஆக்கினார்கள். வயல் முழுக்க இருக்கிற சின்னத் தவளைக்கு ஜாவாவிலிருந்து விவரித்த இனத்தின் பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள், பிறகு அது கைவிடப்பட்டது.

ஆக, இங்கே ஆய்வு போன திசை ஒன்றுதான்: இந்தியாவிலும் உண்டு என்று நினைத்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் இங்கே மட்டும் உள்ளது. நீங்கள் எதிர்த்திசையில் ஒரு வாதம் வைக்கிறீர்கள், அங்கே மட்டும் உண்டு என்று நினைத்தது இங்கேயும் இருக்கிறது என்று. ஆகவே கேட்பவர்கள் இரண்டு மடங்கு கேட்பார்கள். டைகரினஸ் 1802 இல் வங்காளத்திலிருந்து விவரிக்கப்பட்ட இனம். வெல்லாவெளித் தவளை டைகரினஸ் என்று சொல்ல, பக்கத்து வயல் கிராசஸிலிருந்து அது வேறுபடுகிறது என்று காட்டினால் போதாது. இந்தியாவில் அந்தப் பெயருக்கு உரியதோடு ஒன்றாகிறது என்றும் காட்ட வேண்டும். அப்படி ஒன்றாகாவிட்டால் அது முதல் பதிவும் இல்லை, யாரும் பெயர் வைக்காத மூன்றாவது ஒன்றாக இருக்கலாம்.

இதற்கு ஆதாரம் என்ன? படத்துக்கு அடுத்து குரல். ஆண் தவளையின் அழைப்பு இனத்துக்கு இனம் வேறு, பெண் தன் இனத்து ஆணைத் தேடிப் போவதே அதை வைத்துத்தான். போனில் பதிந்தாலும் பிரயோசனம் உண்டு, ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பி ஒலியைத் தேய்க்காமல் மூலக் கோப்பை வைத்திருங்கள். பதிந்த நேரத்து வெப்பநிலையையும் எழுதி வையுங்கள், குளிர்ந்த இரவில் அழைப்பின் வேகம் குறையும். பிறகு இடம், திகதி, நேரம், ஜி.பி.எஸ். எண். வயலா, வாய்க்காலா, மழை பெய்ததா, பக்கத்தில் வேறு எவை கத்தின என்பதும். இவ்வளவுக்கும் யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை, கொப்பி ஒன்று போதும்.

அடுத்த படிக்கு அனுமதி வேண்டும். நாட்டின் முதல் பதிவு என்றால் ஒரு மாதிரி உயிரியாவது நூதனசாலையில் இருக்க வேண்டும் என்று ஆய்விதழ்கள் எதிர்பார்க்கும். அது ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1853 இல் கெலார்ட் விவரித்த நட்சத்திரப் புள்ளிப் புதர்த் தவளையின் மூல மாதிரி தொலைந்துபோனது. ஒன்றரை நூற்றாண்டு வேறு யாரும் அதைக் காணவில்லை, அழிந்த இனமாகவே கணக்கில் எழுதிவிட்டார்கள். சிவனொளிபாதமலைக் காட்டில் 2009 இல் கிடைத்தபோது, பக்கத்தில் வைத்துப் பார்க்க மூல மாதிரி இல்லை, கெலார்ட்டின் எழுத்து மட்டும்தான். ஒரு போத்தல் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டிருந்தால் வேலை எவ்வளவு மிச்சம்.

ஆனால் அந்தப் போத்தலை நீங்கள் வைக்க முடியாது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009 இல் அதற்கு வந்த திருத்தமும் இருக்கின்றன. ஆய்வுக்காகப் பிடிக்கவோ கொல்லவோ வைத்திருக்கவோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களமும் சேரும். அனுமதியில்லாமல் பிடித்த மாதிரியை ஒழுங்கான ஆய்விதழ் எதுவும் ஏற்காது. நல்ல நோக்கத்தில் செய்தாலும் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். ஆகவே இந்தப் படியைத் தனியாக ஏற வேண்டாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. விலங்கியல் படிப்பிக்கிற ஒருவரிடம் கால் படத்தையும் குரலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அனுமதி எடுப்பதும் மாதிரி சேர்ப்பதும் டி.என்.ஏ. பார்ப்பதும் அவர்கள் வேலை.

டி.என்.ஏ. பற்றி நம்மவர்களுக்குக் கொஞ்சம் அதீத நம்பிக்கை உண்டு. தவளைகளில் வழக்கமாகப் பார்ப்பது இழைமணியிலுள்ள 16எஸ் என்ற மரபணுத் துண்டை, ஏறக்குறைய 500 எழுத்து. அதைப் பொதுத் தரவு வங்கியில் இருப்பவற்றோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு 3 சதவீதத்தைத் தாண்டினால் வேறு இனமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பது ஒரு கைக்கணக்கு, சட்டம் இல்லை. வங்கியில் இருக்கிற பெயர்களிலும் பிழை உண்டு, யாரோ தவறாக அடையாளம் கண்ட தவளையின் எழுத்துக்கள் தவறான பெயரோடு அங்கேயே கிடக்கும். அதனால்தான் காலும் குரலும் எழுத்தும் மூன்றும் ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது.

இனம் எது என்று உறுதியானாலும் கதை முடியவில்லை. அது இங்கே எப்படி வந்தது என்று கேட்பார்கள். இதற்கு மடகஸ்கார் நல்ல பாடம். அந்தத் தீவில் தேரை இனம் எதுவும் இயற்கையாக இல்லை. 2014 இல் கிழக்குக் கரையிலுள்ள தொமாசினா துறைமுக நகரத்தைச் சுற்றி ஆசியத் தேரை பரவியிருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது. நம் வீட்டுத் திண்ணையில் மின்விளக்கின் கீழே பூச்சி பிடிக்குமே, அதே டுட்டாஃப்ரினஸ் மெலனோஸ்டிக்டஸ்தான். விஞ்ஞானிகள் போய் விசாரித்தபோது, ஊர்ச் சனம் அதை ஏற்கெனவே சில வருடமாகக் கண்டுகொண்டுதான் இருந்திருக்கிறது. மரபணுவை ஒப்பிட்டபோது அது கம்போடியா, வியட்நாம் பக்கத்துத் தேரைகளோடு பொருந்தியது. கப்பல் சரக்கோடு வந்திருக்க வேண்டும். பதிவு விஞ்ஞானிகளின் பெயரில் இருக்கிறது, முதலில் கண்டவர்கள் துறைமுகத்தைச் சுற்றியிருந்த சாதாரண ஆட்கள்.

அதனால்தான் பெரியப்பா 'முன்பு கண்டதில்லை' என்றதை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. கிராசஸ் கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்துவிட்டு மழை இரவில் வெளியே வருவது, ஐம்பது வருடம் வயல் செய்தவரும் நின்று பார்க்காமல் போயிருக்கலாம். ஆனால் ஒரே வட்டையில் வேறு வேறு ஆட்கள், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், குறிப்பிட்ட வருடத்துக்குப் பிறகுதான் இது வந்தது என்று சொன்னால் அது தகவல். நீங்கள் கேட்கும்போது படத்தை முதலில் காட்ட வேண்டாம். 'இங்கே என்னென்ன தவளை இருக்கு, எது எந்த நேரம் கத்தும்' என்று கேளுங்கள். படத்தைக் காட்டினால் பாதிப் பேர் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள்.

இயற்கையாகவே இருந்திருக்கவும் வழி உண்டு. கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது பாக்கு நீரிணை தரையாக இருந்தது, உலர்நிலத் தவளைகள் நடந்தே வந்திருக்கலாம். அப்படி வந்து தனியாகப் பல ஆயிரம் வருடம் இருந்த கூட்டமென்றால் மரபணுவில் கொஞ்சமாவது தனித்தன்மை சேர்ந்திருக்கும், ஒரே வட்டைக்குள் அடங்கியும் இருக்காது. அண்மையில் மனிதனோடு வந்ததென்றால் இந்தியாவின் ஏதோவொரு இடத்துத் தவளையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும், மீன் வளர்க்கும் குளத்தையோ துறைமுகத்தையோ சுற்றி இருக்கும்.

எழுதி வெளியிடுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரவல் பதிவுகளுக்கென்றே செக் லிஸ்ட், ஹெர்பெட்டாலஜி நோட்ஸ் போன்ற ஆய்விதழ்கள் இருக்கின்றன. சில பக்கக் குறிப்புப் போதும், மற்ற ஆய்வாளர்கள் அதைச் சரிபார்த்த பிறகே அச்சுக்குப் போகும். படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முதல் நாளே, கட்டுரையில் உங்கள் பெயரும் ஆசிரியராக வருமா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிறகு கேட்டால்தான் மனக்கசப்பு. அதுவரை பேஸ்புக்கில் 'இலங்கையில் முதன்முறை' என்று போடாமல் இருங்கள். செய்தித்தளங்கள் மறுநாளே எடுத்துப் போடும், திருத்தம் வந்தால் போடமாட்டார்கள்.

கிராசஸ் என்று முடிந்தாலும் உங்கள் கொப்பி வீண் இல்லை. இலங்கையின் தவளை ஆய்வு ஈரவலயக் காட்டையும் மத்திய மலைநாட்டையும் சுற்றித்தான் அதிகம் நடந்திருக்கிறது. யுத்தக் காலத்தில் படுவான்கரைப் பக்கம் இரவில் டோர்ச்சோடு இறங்கித் தவளை பார்ப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். உன்னிச்சை, நவகிரி, சாகாமம், குடும்பிமலை அடிவாரம் என்று இடம் வாரியாக எந்தத் தவளை எந்த மாதம் கத்துகிறது என்று ஒருவர் இரண்டு மாரிக்கு எழுதி வைத்தாலே அது பயனுள்ள ஆவணம். ஐப்பசியில் விழும் முதல் பெருமழையைத் தவறவிட வேண்டாம். மண்ணுக்குள் இருக்கிற பந்துத் தவளை, யூபெரோடன் சிஸ்டோமா, அந்தச் சில இரவுகளில்தான் வெளியே வந்து சோடி சேரும், பிறகு வருடம் முழுக்கத் தேடினாலும் காண்பது அரிது.

ஒன்றையும் மறக்க வேண்டாம், தனியே போகாதீர்கள். தவளை கத்தும் வரம்பில் புடையன் பாம்பும் கிடக்கலாம், பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் வேறு. யானை நடமாட்டம் உள்ள பக்கம் எது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கால் படத்தில் அந்தப் புடைப்பு உண்மையிலேயே சிறியதாக இருந்தால், அதாவது டைகரினஸ் என்று சந்தேகம் வலுத்தால், அப்போது கட்டுரையைக் காத்திருக்க வேண்டாம், பல்கலைக்கழகத்துக்கும் திணைக்களத்துக்கும் உடனே சொல்லிவிடுங்கள். அந்தத் தவளை அந்தமான் தீவுகளில் மனிதரால் போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலத்திலேயே தீவுக்குத் தீவு பரவியது. வளர்ப்பு மீன் குஞ்சுகளோடு கலந்து போனது அங்கே ஒரு வழி. அதன் வாற்பேத்தை, அதாவது வாலுள்ள தவளைக் குஞ்சு, மற்ற வாற்பேத்தைகளைத் தின்னும், பெரிய தவளை வாய்க்குள் அடங்குகிற எதையும் விடாது. ஆகவே உங்கள் பக்கத்தில் குளத்துக்குக் குளம் மீன் குஞ்சு மாற்றுகிறவர்கள் இருந்தால் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பையை அவிழ்த்ததும் குளத்தில் கொட்டாமல் ஒரு வாளியில் ஊற்றி, வாற்பேத்தை கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடச் சொல்லுங்கள்.